பொம்மையில் வெள்ளை மேல் சிவப்புப் பட்டை: டேப்போடு பெயின்டும் உரிகிறது, ஓரமும் கசிகிறது

புதுத்தூரிகை:

வணக்கம். 15 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் வீரன் பொம்மைக்கு நிறம் மாற்றிப் பூசுகிறேன். உடலும் கவசமும் கெட்டிப் பிளாஸ்டிக். தலையும் முதுகில் தொங்கும் மேலங்கியும் ரப்பர் மாதிரி வளைகின்றன. கவசம் முழுக்க வெள்ளை. அதன் மேல் இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை குறுக்காக 8 மி.மீ. அகலத்தில் ஒரு சிவப்புப் பட்டை வர வேண்டும்.

செய்த விதம்: ஈரத்துணியால் துடைத்தேன். நிறத்துக்கு அடியில் பிடிப்புக்காகப் போடும் பிரைமர் போடவில்லை. ஸ்ப்ரே கேனில் வெள்ளை இரண்டு கோட்டிங். 4 மணி நேரம் கழித்து, சுவர் வேலைக்கு ஒட்டும் சுருக்கம் விழுந்த மாஸ்கிங் டேப்பை ஒட்டினேன். சிவப்பை நன்றாக மூடும்வரை ஒரே தடவையில் அடித்தேன். டேப்பை மறுநாள் உரித்தேன்.

இப்போது மூன்று பிரச்சினை. மார்பில் டேப் ஒட்டிய இடத்தில் வெள்ளை செதில் செதிலாகக் கையோடு வந்துவிட்டது, அடியில் பிளாஸ்டிக் தெரிகிறது. வெள்ளை நின்ற இடத்தில் சிவப்பு டேப்புக்கு அடியில் புகுந்து மயிரிழை மாதிரி பரவியிருக்கிறது. மேலங்கியில் அடித்த நிறம் 10 நாள் ஆகியும் விரலில் ஒட்டுகிறது.

காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ் கிடையாது. கேனும் தூரிகையும் வைத்தே நேர்க்கோடு வருமா? திரவ மாஸ்க் வாங்க வேண்டுமா?

---

அடிப்பூச்சு:

கேனும் தூரிகையும் போதும், கோடு வரும். மூன்று பிரச்சினைக்கும் காரணம் வேறு வேறு. முதலாவதையும் மூன்றாவதையும் நான் எடுத்துக்கொள்கிறேன். டேப் விஷயத்துக்கு இங்கே வேறு கைகாரர்கள் இருக்கிறார்கள்.

மேலங்கியில் இருந்து ஆரம்பிக்கலாம். அது இன்னும் 10 நாள் விட்டாலும் காயாது. வளையும் பொம்மைப் பாகம் பெரும்பாலும் பி.வி.சி. தன்னியல்பில் பி.வி.சி. கெட்டியானது. அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். அந்த மென்மையூட்டி பிளாஸ்டிக்கில் நிலையாக உட்கார்ந்திருப்பதில்லை, மெல்ல மேலே ஏறிப் பெயின்ட் படலத்துக்குள் போய்விடுகிறது. கேன் பெயின்டில் உள்ள கரைப்பான் அதை இன்னும் வேகமாக வெளியே இழுக்கிறது. பிளாஸ்டிக்கை வளைய வைத்த அதே பொருள் இப்போது பெயின்டையும் இளக வைக்கிறது. மெதுவாகக் காயும் எனாமல் பெயின்ட் இதில் ரொம்ப மோசம். மேலே வார்னிஷ் அடித்து மூடினால் வார்னிஷும் பிசுபிசுக்கும், அந்த முயற்சி வேண்டாம்.

எனவே மேலங்கியிலும் தலையிலும் இருப்பதை எடுத்துவிட வேண்டும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கும் பிரஷ். நனைத்து, தேய்த்து, துடைத்து, மறுபடி நனைத்து என்று போங்கள். பி.வி.சி. பாகத்தை மணிக்கணக்கில் ஊறப்போட வேண்டாம், மென்மையூட்டியும் கரைந்து வெளியேறி அது விறைத்துப்போகும். முழுசும் வராவிட்டால் பரவாயில்லை, பிசுபிசுப்பு போனால் போதும். அசிட்டோனையும் நகப்பூச்சு நீக்கியையும் பெயின்டை நீர்க்க வைக்கும் லாக்கர் தின்னரையும் இந்தப் பொம்மைக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். உங்கள் கவசம் ஏ.பி.எஸ். என்ற கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அசிட்டோன் பட்டால் செதுக்கிய விவரமெல்லாம் கூழாகிவிடும்.

எந்தப் பிளாஸ்டிக் என்று சந்தேகம் இருந்தால் பாதத்தின் அடியிலோ முதுகின் உட்புறத்திலோ எழுத்து அச்சாகியிருக்கிறதா பாருங்கள். முக்கோணத்துக்குள் 3 என்றால் பி.வி.சி., 6 பாலிஸ்டைரீன், 2, 4 பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன், 7 மற்றவை. எதுவும் இல்லையென்றால் கழற்ற முடிந்த ஒரு சின்னப் பாகத்தை, காற்றுக்குமிழி ஒட்டாமல் இருக்க ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மூழ்கினால் பெரும்பாலும் ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரீன், பி.வி.சி. இவற்றில் ஒன்று, பெயின்ட் பிடிக்கும். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். பாக்கெட்டில் மொத்தமாக வரும் ஒரே நிறச் சிப்பாய்ப் பொம்மைகள் பலவும் இந்த வகைதான். அவற்றின் மேல் எந்தப் பெயின்டும் சும்மா உட்கார்ந்திருக்கும், பிடிக்காது. அதற்கென்று விற்கும் ஒட்டுதிறன் ஊக்கியை முதலில் அடித்தால் ஓரளவு நிற்கும், ஆனால் வளைத்தால் உதிரும்.

இனி உரிந்த வெள்ளை. ஈரத்துணியால் துடைத்தது போதாது. அச்சிலிருந்து பொம்மை சுலபமாகக் கழன்று வரப் பூசும் எண்ணெய் மேலே இருக்கும், கை எண்ணெயும் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மடிப்பு, இடுக்கு எல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் உலர விடுங்கள். மூட்டுக்குள் தங்கிய நீர் வெளியே வர நேரம் எடுக்கும், உதறிப் பாருங்கள். அதன் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், அல்லது பொம்மையைக் குச்சியில் குத்தியோ கிளிப்பில் பிடித்தோ கையாளுங்கள்.

கழுவும் முன்பே அச்சுக் கோட்டைப் பாருங்கள். இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தில் தோள், கால் ஓரமாக மெல்லிய வரப்பு ஓடும். கத்தியின் முதுகுப்பக்கத்தால் சுரண்டி, 600, பிறகு 800 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்). இது ஏ.பி.எஸ். பாகத்துக்கு. பி.வி.சி.யைத் தேய்த்தால் நூல் நூலாகப் பிசிறு கிளம்பும், அதில் புதுப் பிளேடால் மெல்லச் சீவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு பிரைமர். கவசத்துக்குக் கேன் பிரைமரே நன்றாக இருக்கும்: மிஸ்டர் சர்ஃபேஸர் 1000 மாதிரி, அல்லது டாமியா ஃபைன் சர்ஃபேஸ் பிரைமரின் வெள்ளை. இவை லாக்கர் வகை, அதாவது கடும் கரைப்பான் கலந்த, வேகமாகக் காயும் பெயின்ட். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைத் துளி கரைத்து உள்ளே வேர் பிடிக்கும். டேப் இழுக்கும்போது தாங்குவது இந்த வேர்தான். தலை, மேலங்கி இரண்டுக்கும் இதைப் போடாதீர்கள். அங்கே தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்-பாலியூரித்தேன் பிரைமரை, வலேஹோ சர்ஃபேஸ் பிரைமர் போன்றதை, தூரிகையால் மெலிதாக இரண்டு தடவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மணி நேரம், அப்புறம் ஒரு முழு நாள்.

அடிக்கும் முறை: உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். பொம்மைக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓடி, வெளியே போய் விரலை எடுங்கள். பொம்மையின் மேலேயே தொடங்கினால் முதல் துப்பல் அங்கே விழும். முதல் பூச்சில் பிளாஸ்டிக் நிறம் பாதி தெரிய வேண்டும். 10, 15 நிமிடம் விட்டு இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. ரொம்பத் தள்ளி நின்று அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி விழும். கிட்டே போனால் வழியும்.

வெளியில் அடியுங்கள், அல்லது காற்று வெளியே போகும் இடத்தில். கரைப்பான் ஆவியைத் தூசி முகமூடி தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது.

---

நூல்கோடு:

மேலே சொன்னது அஸ்திவாரம். அதைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டேப் வாங்கினாலும் கோடு வராது. இனி டேப்.

உங்களுக்கு நடந்தது இரண்டும் எதிரெதிர் கோளாறு. அடிநிறம் உரிந்தால் டேப்பின் பிடி பெயின்டின் பிடியைவிட அதிகம் என்று பொருள். நிறம் கசிந்தால் டேப்பின் ஓரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். ஒரே டேப்பில் இரண்டும் நடந்ததற்குக் காரணம் அந்தச் சுருக்கக் காகிதம். பசை கடுமையானது, ஆனால் ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டிச் சுரங்கம். திரவம் மெல்லிய இடுக்கைக் கண்டால் தானாக உள்ளே ஏறும், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது மாதிரி. ஒரே கனமான பூச்சு அந்தச் சுரங்கத்துக்குத் தேவையான திரவத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டது.

வாங்க வேண்டியது மெல்லிய ஜப்பானிய வாஷி காகித டேப். டாமியாவின் மஞ்சள் டேப் 6, 10, 18 மி.மீ. அகலங்களில் கிடைக்கிறது. ரோலின் பக்கவாட்டில் தூசியும் நாரும் ஒட்டியிருக்கும், அந்த ஓரத்தை அப்படியே நம்பாதீர்கள். கண்ணாடித் துண்டிலோ கட்டிங் மேட்டிலோ ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து, புதுப் பிளேடால் ஓரத்தில் ஒரு மி.மீ. சீவி எறிந்துவிட்டு, அந்தப் புது ஓரத்தைக் கோட்டின் பக்கம் வையுங்கள். கோட்டின் கூர்மையில் பாதி இந்தச் சீவலிலேயே கிடைத்துவிடுகிறது. பிளேடு மழுங்கியிருந்தால் காகிதம் பிசிறும், பிசிறு அப்படியே பெயின்டில் பதியும்.

ஒட்டும் முன் வெள்ளை முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் ஆகாது. கேன் லாக்கர் என்றால் ஒரு நாள், அக்ரிலிக் என்றாலும் ஒரு நாள், எனாமல் என்றால் மூன்று நாள் விடுங்கள். மூக்கருகே வைத்துப் பாருங்கள். பெயின்ட் வாசனை வந்தால் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது, டேப் ஒட்டும் நேரம் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அதே நாளில் அதே பூச்சை அடித்து வைத்துக்கொண்டு நகத்தால் அழுத்திச் சோதிக்கலாம். ஆனால் ஸ்பூன் காய்ந்த அளவை மட்டும்தான் சொல்லும். ஸ்பூன்கள் பல பாலிபுரோப்பிலீன் என்பதால், அதில் பெயின்ட் உரிந்தால் பொம்மையிலும் உரியும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

8 மி.மீ. பட்டையை எப்படி ஒரே அகலத்தில் கொண்டுவருவது? இரண்டு பக்கமும் கண்ணளவில் ஒட்டினால் தோளில் 8, இடுப்பில் 9 என்று ஆகும். இப்படிச் செய்யுங்கள். டேப்பில் சரியாக 8 மி.மீ. அகலத் துண்டு ஒன்று வெட்டி, சிவப்பு வரவேண்டிய இடத்திலேயே ஒட்டுங்கள். அதன் இரு ஓரத்தையும் உரசினாற்போல், மேலே ஏறாமல், இடைவெளியும் விடாமல், வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டுங்கள். பிறகு நடுத்துண்டை மட்டும் உரித்து எடுங்கள். மிஞ்சிய பள்ளம் தோள் முதல் இடுப்பு வரை 8 மி.மீ. இருக்கும். 6 அல்லது 10 மி.மீ. உங்களுக்கு ஓகே என்றால் ரோலை அப்படியே நடுத்துண்டாக வைக்கலாம், வெட்டும் வேலையே மிச்சம்.

மார்பு தட்டையில்லை, நெஞ்சு புடைத்து வயிறு உள்வாங்கும். அகலமான டேப் அங்கே வளையாது, ஓரத்தில் சுருங்கி வாய் திறக்கும். அதனால் கோட்டை ஒட்டி வரும் முதல் டேப் 2 மி.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். மெல்லிய துண்டு பக்கவாட்டிலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள். இழுத்த டேப் அரை மணி நேரத்தில் தன் நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், உள்வளைவில் மேலே தூக்கிக்கொள்ளும். தளர்வாக வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் விரலால் தடவிப் படிய வையுங்கள். கோடு 2 மி.மீ. துண்டில் முடிந்துவிட்டது. அதற்கு வெளியே 10, 18 மி.மீ. டேப், அதற்கும் வெளியே பிளாஸ்டிக் பை. கை, கால், தலை எல்லாவற்றையும் மூடுங்கள். ஸ்ப்ரே தூசி நீங்கள் நினைக்காத இடத்துக்கெல்லாம் போகும்.

டேப்பின் பிடி அதிகம் என்று தோன்றினால் ஒட்டும் முன் சுத்தமான கண்ணாடியில் இரண்டு தடவை ஒட்டி உரித்தால் தணியும். பலர் புறங்கையில் ஒட்டி எடுப்பார்கள், அதில் தோல் எண்ணெய் டேப்பில் ஏறி வெள்ளையில் இறங்கும். கண்ணாடியே நல்லது.

ஓரத்தைப் பல்குச்சியின் பக்கவாட்டால் அழுத்தித் தேயுங்கள், நுனியால் அல்ல. மஞ்சள் டேப் நன்றாகப் படிந்த இடத்தில் நிறம் சற்று அடர்ந்து, கீழே உள்ள கோடுகூட நிழலாகத் தெரியும். வெளிறிய இடம் ஒன்று இருந்தாலும் அங்கே காற்று இருக்கிறது. கவசத்தில் செதுக்கிய பள்ளம் குறுக்கே போனால் அங்கே டேப் பாலம் மாதிரி நிற்கும், பள்ளத்துக்குள் குச்சியால் அழுத்தி இறக்குங்கள்.

இப்போதுதான் முக்கியமான வேலை. சிவப்பை எடுக்காதீர்கள். முதலில் அதே வெள்ளையை டேப்பின் ஓரம் முழுக்க ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். எங்காவது கசிய வேண்டியிருந்தால் வெள்ளை கசியட்டும். வெள்ளையின் மேல் வெள்ளை கசிந்தால் யாருக்கும் தெரியாது, இடுக்கும் அடைபட்டுவிடும். 20 நிமிடம் கழித்து சிவப்பு, மெலிதாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையே 10 நிமிடம். முதல் சிவப்பு ரோஜா நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கும், பதறி அதிகம் அடிக்காதீர்கள். கேனை டேப்பிலிருந்து நடுப்பள்ளத்தை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். டேப்பின் வாய்க்குள் ஊதுகிற கோணம் வேண்டாம்.

டேப்பை மறுநாள் வரை விட்டது தவறு. கடைசிப் பூச்சு முடிந்து 15, 20 நிமிடத்தில், பெயின்ட் விரலில் ஒட்டாத ஆனால் இன்னும் இளகலாக இருக்கும் நேரத்தில் எடுங்கள். முழுசாக இறுகினால் டேப்பின் மேலும் கவசத்தின் மேலும் ஒரே தோலாகப் படலம் நிற்கும். டேப்பைத் தூக்கினால் அந்தத் தோல் இஷ்டப்பட்ட இடத்தில் கிழியும். எடுக்கும் விதம்: நுனியை ட்வீசரால் கிளப்பி, டேப்பை அதன் மேலேயே மடித்து, பொம்மையின் பரப்பை ஒட்டினாற்போல் பின்னோக்கி, கோட்டிலிருந்து சற்று விலகிச் செல்லும் சாய்வில் மெதுவாக இழுங்கள். செங்குத்தாக மேலே இழுத்தால் பெயின்டையும் சேர்த்துத் தூக்கும். நேரம் தவறிவிட்டால் ஓரமாகப் புதுப் பிளேடால் பாரமில்லாமல் ஒரு கீறல் போட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தூரமாகக் காட்டிப் பசையை இளக்கி எடுங்கள்.

---

மழைக்காலம்:

ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. விட்டுப்போன விஷயம் ஈரப்பதம்.

காத்துல ஈரம் 70 சதவீதத்துக்கு மேல இருந்தா லாக்கர் கேன் எடுக்காதீங்க. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்குது, காத்துல இருக்கிற ஈரம் அங்க பனியாப் படிஞ்சு பெயின்டுக்குள்ள மாட்டிக்குது. சிவப்பு மேல வெள்ளைப் புகை படிஞ்ச மாதிரி தெரியும். நிறமும் பளபளப்பும் இல்லாத மேல்பூச்சான மேட் கிளியர்ல இது இன்னும் மோசம். அப்படி ஆயிட்டா சுரண்ட வேண்டாம். உலர்ந்த நாள்ல அதே வகை கிளியரை மெலிசா மறுபடி அடிச்சா பெரும்பாலும் புகை கரைஞ்சு போயிடும்.

குளிர் நாள்ல கேன் அழுத்தம் குறைஞ்சு துப்பும். வெதுவெதுப்பான தண்ணியில, 40 டிகிரிக்கு மேல போகாம, 5 நிமிஷம் வெச்சு எடுங்க. அடுப்பு, கொதிநீர் பக்கம் போகவே கூடாது, கேன் வெடிச்சிடும்.

அடிப்பூச்சு சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு மாறுபாடு. பி.வி.சி. தலைக்கு கேன் பிரைமர் கூடாதுங்கிறது பொதுவாச் சரி, ஆனா கெட்டியான பி.வி.சி.யில சில கேன் நல்லாவே காயுது. நகத்தால அழுத்தினா குழியாகாத தலைன்னா, கழுத்துக்குள்ள மறையுற இடத்துல ஒரு தடவை அடிச்சு ஒரு வாரம் விட்டுப் பாருங்க. விரல்ல பிசுபிசுன்னு ஒட்டலைன்னா முழுசா அடிக்கலாம். மேலங்கி மாதிரி தொளதொளன்னு இருக்கிறதுக்கு அந்தச் சோதனையே வேண்டாம், தூரிகைதான்.

---

அடிப்பூச்சு:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு வாரச் சோதனை நியாயமானது. சோதனைக்குப் பொறுமை இல்லாதவர்கள் தண்ணீர் சார்ந்ததையே பிடித்துக்கொள்ளட்டும்.

---

புதுத்தூரிகை:

எல்லோருக்கும் நன்றி. மார்பைப் புதிதாக ஆரம்பிக்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். சிவப்பை முதலில் அடித்து, பட்டையை மட்டும் டேப்பால் மூடி, வெள்ளையை மேலே அடித்தால் மாஸ்கிங் வேலை குறையுமே? இடுப்பு பெல்ட்டின் கொக்கி, கண் போன்ற சின்ன இடத்துக்கும் டேப்பா? பட்டையின் ஓரத்தில் விரல் வைத்தால் தட்டுப்படும் விளிம்பை என்ன செய்வது?

---

நூல்கோடு:

முதல் கேள்வி நல்ல கேள்வி. 8 மி.மீ. டேப் ஒன்றே ஒன்று போதும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் மூடும் திறன் குறைவு. சிவப்பை மறைக்க வெள்ளையை நாலைந்து தடவை அடிக்க வேண்டிவரும், விளிம்பு கனத்துவிடும். சில சிவப்புகளின் சாயம் மேல் பூச்சின் கரைப்பானில் கரைந்து ஏறி, வெள்ளையை ரோஜா நிறமாக்கும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு என்பதே இங்கே சரி. வெள்ளையின் மேல் விழுந்த சிவப்புக்குத் தனிப் பளிச்சென்ற தோற்றமும் வரும். வெளிர்ப் பகுதி ரொம்பச் சின்னதாக, ஒரு பொத்தான் அளவுக்கு இருந்தால் மட்டும் வரிசையை மாற்றி, தூரிகையால் வெள்ளை வையுங்கள்.

கொக்கிக்கும் கண்ணுக்கும் டேப் வேண்டாம். புடைத்து நிற்கும் எதையும் தூரிகையே சுலபமாகப் பிடிக்கும், ஓரத்தைச் செதுக்கலே காட்டிக் கொடுக்கிறது. டேப் தேவைப்படுவது தட்டையான பரப்பில் செதுக்கல் இல்லாமல் நிறம் மாறும் இடத்துக்குத்தான்.

திரவ மாஸ்க் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லேடெக்ஸ் பால் அது, காய்ந்தால் ரப்பர் தோலாகும். ஒழுங்கில்லாத வடிவத்துக்கு, ஆணித் தலை, நகை, முன்பே பூசிய கொக்கி மாதிரி இடத்துக்கு நல்லது. நேர்க்கோட்டுக்கு உதவாது. மெலிதாகத் தடவினால் உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும், கனமாகத் தடவுங்கள். நல்ல தூரிகையை அதில் முக்காதீர்கள், மயிரெல்லாம் ஒட்டிப் போகும். பழைய தூரிகையைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நாள் கணக்கில் விடக் கூடாது, பிரைமர் இல்லாத அக்ரிலிக்கின் மேலும் கூடாது. டேப்புக்கு எங்கே உரிந்ததோ இதற்கும் அங்கே உரியும். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

விளிம்பு: பெயின்டின் கனம் டேப்பின் மேல் ஏறி நின்றதால் வருவது. மெல்லிய பூச்சாக அடித்தால் தட்டுப்படாத அளவுக்குத்தான் இருக்கும். இருந்தால் இரண்டு நாள் காயவிட்டு, 2000 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பட்டையின் நீளவாக்கில் நாலு தடவை தடவுங்கள். குறுக்கே தேய்த்தால் சிவப்புத் துகள் வெள்ளையில் இழுபடும். பிறகு கிளியர் அடித்தால் தேய்த்த மங்கல் மறையும்.

அதையும் மீறி எங்காவது சிவப்பு கசிந்திருந்தால், வெள்ளைக் கேனை ஒரு சின்ன மூடிக்குள் ஸ்ட்ரா வழியாகக் கொஞ்சம் அடித்து எடுத்து, நுரையும் வாயுவும் அடங்க அரை மணி விட்டு, தூரிகை நுனியால் அந்த மயிரிழை மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். அதே இடத்தில் தேய்த்தால் சிவப்பு கரைந்து கலக்கும். ஒற்றிவிட்டு ஓடிவிட வேண்டும்.

---

கண்மை:

கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன், முகம் கெட்டால் பொம்மையே கெட்டது.

000 எண்ணுள்ள மிக மெல்லிய தூரிகை வாங்க வேண்டும் என்று எல்லோரும் ஓடுவார்கள். அதில் பெயின்ட் நிற்காது, கண்ணுக்குக் கொண்டு போவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். நுனி கூராகச் சேரும் 1 அல்லது 0 எண் தூரிகை போதும். கோட்டின் அகலத்தை நுனிதான் முடிவு செய்கிறது, வயிறு பெயின்டைத் தேக்கி வைக்கிறது. பெயின்ட் பால் பதத்தில் இருக்கட்டும். கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்தால் பால் போல வழிந்து மெல்லிய படலம் விட வேண்டும், தண்ணீர் போல ஓடினால் அதிகம் கலந்துவிட்டீர்கள். அக்ரிலிக்கில் இரண்டு பங்கு பெயின்டுக்கு ஒரு பங்கு தண்ணீரில் ஆரம்பித்துப் பாருங்கள். தொட்டதும் காகிதத் துணியில் ஒரு தடவை ஒற்றிவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும்.

தோல் நிறம் முடிந்ததும் முகத்துக்கு மட்டும் தண்ணீர் சார்ந்த கிளியர் ஒரு பூச்சு கொடுத்து ஒரு நாள் விடுங்கள். இது காப்புறை. கண் பிசகினால் ஒரு நிமிடத்துக்குள் ஈரத் தூரிகையால் துடைத்துவிடலாம், அடியில் தோல் நிறம் அப்படியே இருக்கும்.

வரிசை: முதலில் கண்குழி முழுக்க அடர் பழுப்பு. அதற்குள் ஓரமெல்லாம் ஒரு கோடு பழுப்பை விட்டுவிட்டு, மங்கிய வெள்ளை. சுத்த வெள்ளை வைத்தால் பொம்மை திடுக்கிட்டு விழிக்கும். பிறகு கருவிழி. அதை நடுவில் முழு வட்டமாக வைக்காதீர்கள், மேல் இமையைத் தொட்டு, கீழேயும் கீழிமையை லேசாகத் தொட வேண்டும். நாலு பக்கமும் வெள்ளை தெரிந்தால் அதுவும் பயந்த முழிதான். வலக்கைக்காரருக்கு எந்தக் கண் கஷ்டமோ அதை முதலில் முடியுங்கள், சுலபமான கண்ணை அதற்கு ஈடாகத் திருத்திக்கொள்ளலாம். இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று தெரிய பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது முகம் என்று மனசு சமாதானப்படுத்திக்கொள்ளும் பிசகு, கவிழ்த்தால் உடனே துருத்தும். கடைசியில் கண்ணுக்கு மட்டும் ஒரு பொட்டு பளபளப்பு வார்னிஷ்.

---

அடிப்பூச்சு:

கடைசியாகச் சில, எல்லாம் முடிந்த பிறகு கெடுக்கும் இடங்கள் இவை என்பதால்.

மூட்டு. தோள் குமிழும் அது உட்காரும் குழியும் உரசும் இடத்தில் எந்தப் பெயின்டும் நிற்காது. கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். பி.வி.சி. கை என்றால் சூடான நீரில் இரண்டு நிமிடம் வைத்தால் இளகி வரும். பெயின்ட் ஏறும் முன்பே குமிழுக்கு டேப் சுற்றி மூடி, குழிக்குள் பஞ்சு அடைத்துவிடுங்கள். இரண்டும் வெறும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். வெளியில் உரசும் விளிம்பை மட்டும் 600 தாளால் கொஞ்சம் குறைத்தால் பூச்சின் கனத்துக்கு இடம் கிடைக்கும். பூசி இரண்டு நாள் ஆகும்வரை கையை ஆட்டிப் பார்க்கக் கூடாது.

கவசப் பள்ளங்களில் கருங்கோடு ஓட விட எனாமல் வாஷ், அதாவது தின்னரில் ரொம்ப நீர்த்த எனாமல், பயன்படுத்துவீர்கள் என்றால், அதற்கு முன் கிளியர் பூச்சு கட்டாயம். எனாமல் தின்னர் வெறும் ஏ.பி.எஸ்.ஸுக்குள் ஊறினால், குறிப்பாக இறுக்கிப் பொருத்திய மூட்டுப் பக்கம், பிளாஸ்டிக் நொறுங்கி விரிசல் விடும். பெயின்டைத் தாண்டி உள்ளே போகாதபடி, பள்ளத்தில் மட்டும் தொட்டு வைத்து, தேங்க விடாமல் துடையுங்கள். அடுக்கு வரிசையும் ஞாபகம் இருக்கட்டும்: லாக்கரின் மேல் அக்ரிலிக்கும் எனாமலும் போகலாம், எனாமலின் மேல் லாக்கர் போனால் அடியில் இருப்பது சுருங்கிச் சுருண்டுவிடும்.

மேல் வார்னிஷ்: கையில் எடுத்துப் பார்க்கும் பொம்மைக்கு முழு மேட் வேண்டாம், விரல் பட்ட இடமெல்லாம் மினுமினுக்க ஆரம்பிக்கும். பாதிப் பளபளப்புள்ள சாட்டின் நல்லது. மேலங்கிக்கும் தலைக்கும் வார்னிஷும் தண்ணீர் சார்ந்ததே.

இந்தப் பொம்மை அலமாரிக்கு என்றால் இவ்வளவு போதும். வாயில் வைக்கும் வயதுக் குழந்தை கைக்குப் போகும் என்றால் பூசவே வேண்டாம். பொம்மைப் பொருள்களிலிருந்து ஈயம், காட்மியம் போன்றவை எவ்வளவு கசியலாம் என்பதற்கு ஐரோப்பாவில் ஈ.என். 71-3 என்ற தரம் இருக்கிறது. மாடல் பெயின்ட் கேன்கள் பொதுவாக அதற்கென்று தயாராவதில்லை. தண்ணீர் சார்ந்தது என்று போட்டிருப்பதும் அதற்கு ஈடாகாது.

---

புதுத்தூரிகை:

குறித்துக்கொண்டேன். கவசத்தைக் கழுவி உலர வைத்திருக்கிறேன், சின்னப் பாகம் தண்ணீரில் மூழ்கியது. மேலங்கியில் ஆல்கஹால் போட்டுத் தேய்த்ததில் மடிப்புக்குள் மட்டும் கொஞ்சம் நிறம் நிற்கிறது, பிசுபிசுப்பு இல்லை. அப்படியே தூரிகைப் பிரைமர் போடலாமா?

---

அடிப்பூச்சு:

போடலாம். ஆல்கஹால் ஆவியாக ஒரு இரவு விட்டு, சோப்பு நீரில் இன்னொரு தடவை அலசி, உலர்ந்ததும் போடுங்கள். மடிப்பின் ஆழத்தில் பிரைமர் தேங்கும், முதல் பூச்சு போட்டதும் உலர்ந்த தூரிகையால் அங்கிருந்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.